உப்பில்லாமல் கரித்த ரசம்

அத்தியாயம் 4

கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு கடலோர உணவகம் திறக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றினால், பக்கத்தில் இருப்பவர்கள் அவரை உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். கொடைக்கானலில் அப்படிப் பொறுப்பானவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. ஏரிக்கு மேலே இருந்த அந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலின் 'அலை' உணவகத்துக்குள் நுழைந்ததும் காலடியில் மணல் நெறுநெறுத்தது. ஸ்பீக்கரில் அலை அடித்தது. மாலுமித் தொப்பி வைத்த சர்வர் ஒருவர் சல்யூட் வைத்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் ஒரு காட்டெருமை நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"குகா, திரும்புறப்ப செருப்பை உதறிட்டு வண்டியில ஏறு, என்ன. மணலை வண்டிக்குள்ள கொண்டாந்துராத" என்றார் தேவசேனா அக்கா.

அக்காதான் என் முதலாளி. பழனி அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நூற்றுக்குத் தொண்ணூறு கேஸ் மாப்பிள்ளை விசாரணை. அன்றும் அதற்காகத்தான் மலையேறியிருந்தோம். எஸ்டேட் வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு மாப்பிள்ளையை மூன்று அத்தியாயமாகத் துரத்தி, அந்த எஸ்டேட் என்பது நான்கு பேரிக்காய் மரம் என்று அன்று காலையில்தான் கண்டுபிடித்தோம். கீழே இறங்குவதற்குள் இந்த ஹோட்டல் மேனேஜர் சேனாதிபதியின் போன் வந்துவிட்டது.

நான் குகன். வண்டி ஓட்டுவது, சுவர் ஏறுவது, அக்கா யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகியவை என் வேலை. மூன்றாவது எனக்கு வராது. மணி இரண்டேகால், நான் இன்னும் சாப்பிடவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க நீங்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சேனாதிபதி கோட்டுக்குள் வியர்த்திருந்தார்.

"மேடம், டைமே இல்ல. அஞ்சு மணிக்கு லீலா மேடம் செக் அவுட். அதுக்குள்ள தப்புப் பண்ணது யாருன்னு நான் அவங்ககிட்டச் சொல்லணும். யாருன்னு எனக்குத் தெரியும். ப்ரூஃப்தான் வேணும்."

"தெரிஞ்சா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"போலீஸ் கம்ப்ளெயின்ட் டைப் பண்ணி வெச்சிருக்கேன். கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமேன்னு."

விஷயம் இதுதான். லீலா என்பவர் நாடு முழுக்க ஹோட்டல் ஹோட்டலாகச் சாப்பிட்டு விருது கொடுக்கும் குழுவின் தலைவி. கடல் உணவகத்தைச் சோதிக்க வந்தவர் சுத்த சைவம் என்பது அவர் காரை விட்டு இறங்கிய பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தலைமைச் சமையல்காரர் அசரவில்லை. மதியம் உணவகத்தையே மூடிவிட்டு, அவர் ஒருவருக்காக 'சைவக் கடல்' என்று ஏழு தட்டு விருந்து போட்டார். ஆறு தட்டு நன்றாகப் போனது. ஏழாவது, தேங்காய்ப்பாலில் செய்த கடல்பாசி ரசம். லீலா ஒரு ஸ்பூன் குடித்தார். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். அதற்குப் பிறகு எழுந்து போய்விட்டார்.

"முருகேஸ்வரின்னு ஒரு குக். பேத்துப்பாறைப் பொண்ணு. அவதான் அதுல உப்பைக் கொட்டியிருக்கா" என்றார் சேனாதிபதி. "போன வாரம்தான் செஃப்போட சண்டை. அந்த ரசம் அவ ரெசிப்பியாம், மெனு கார்டுல அவ பேரைப் போடணுமாம். செஃப் முடியாதுன்னுட்டார். இன்னிக்குப் பழி வாங்கிட்டா."

"அவங்க ரசத்தை அவங்களே கெடுத்தா பழி வாங்கினாங்க?" என்றார் அக்கா.

சேனாதிபதி அதை இதுவரை யோசித்திருக்கவில்லை. இனிமேலும் யோசிக்கிற உத்தேசம் அவர் முகத்தில் தெரியவில்லை.

சமையலறையில் மிச்ச ரசம் அடுப்பின் மேலேயே இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். பசித்த வயிற்றுக்கு எதுவும் தேவலை என்று ஒரு மடக்கு குடித்தேன். காது வரைக்கும் கரித்தது.

"எப்படி இருக்கு?"

"ராமேஸ்வரத்துல முங்கும்போது மூக்குல ஏறுமே, அப்படி இருக்குக்கா."

அக்கா தலையாட்டிக்கொண்டார். நான் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்தேன். அவர் குறித்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தலைமைச் சமையல்காரர் வந்தார். பழனிக்காரர், பெயர் கந்தவேல். சட்டையில் தைத்திருந்த பெயர் 'செஃப் கேன்டி'. நான்கு அடுப்பு எரிகிற அந்தப் புழுக்கத்திலும் வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார்.

"பன்னெண்டே முக்காலுக்கு நானே டேஸ்ட் பண்ணேன் மேடம். பெர்ஃபெக்ட். அப்புறம் டைனிங் ஹாலுக்குப் போயிட்டேன். திரும்பி வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் அவங்க மட்டும்தான் அடுப்புகிட்ட இருந்தாங்க."

"உப்பு எது?"

கந்தவேல் ஒரு கண்ணாடி டப்பாவை எடுத்து வைத்தார். பிரான்சிலிருந்து வந்த உப்பாம். மலைமேலே தங்கம் நிறுக்கிற மாதிரி இங்கே உப்பை நிறுத்துப் போடுகிறார்கள். ஐந்நூறு கிராம் டப்பாவைக் காலையில்தான் உடைத்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஏழு தட்டுக்கும் சேர்த்து முப்பது கிராம் என்று இருந்தது. அக்கா தராசில் உப்பைக் கொட்டினார். நானூற்று எழுபது காட்டியது.

"வேற உப்பு?"

"ஸ்டோர் ரூம்ல. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார் சேனாதிபதி பெருமையாக. ஒரு விநாடி கழித்துப் பெருமை குறைந்தது.

"அப்ப உப்புப் போடாமலே உப்புக் கரிச்சிருக்கு" என்றேன் நான். "சார், கம்ப்ளெயின்ட்டுல அதையும் டைப் பண்ணிருங்க."

முருகேஸ்வரியைக் காய்கறி வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். சும்மா உட்காரப் பிடிக்காமல் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் போடலக்கா. பன்னெண்டரைக்குப் பாத்தப்ப சரியா இருந்துச்சு. கொத்தமல்லி எடுக்க இங்க வந்தேன். அம்புட்டுத்தான்."

"அதுக்கப்புறம் செஃப் டேஸ்ட் பண்ணாராமே."

பூண்டு உரித்த கை நின்றது.

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

"போலீஸ்ல எழுதிக் குடுத்தா அப்புறம் எந்த ஹோட்டல்லயும் அடுப்புகிட்ட நிக்க முடியாதும்மா. தெரிஞ்சதைச் சொல்லு."

"தெரியும்க்கா" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "நாளைக்கு ஊருக்குள்ள எம் முகத்துல யாரு முழிப்பா, சோத்துல கையை வெச்சவன்னுதான சொல்லுவாக. ஆனா சில விசயம் சொல்லக் கூடாதுக்கா."

அக்கா மேலே கேட்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ஒருவர் தன் தலைக்கு மேலே கத்தி தொங்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது. நானாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரன் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

அக்கா மறுபடி சமையலறைக்குப் போய் ருசி பார்க்கும் ஸ்பூன்கள் இருந்த டம்ளரின் முன் நின்றார். இந்த மாதிரி இடங்களில் ஒரு ஸ்பூனை இரண்டு தரம் வாயில் வைக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு டஜன் ஸ்பூன், காம்பில் ஆளுக்கு ஒரு நிற டேப். முருகேஸ்வரியின் பச்சை டேப்புகள் கழுவிக் கழுவி நூல் பிரிந்து வெளுத்திருந்தன. செஃப்புடைய சிவப்பு டேப்புகள் நேற்று ஒட்டியது போல் பளபளத்தன.

"டேப் எப்பய்யா மாத்துனீங்க?" என்று அங்கே வெங்காயம் நறுக்கியவரிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே நாள்லதாங்க. பொங்கல் கழிச்சு."

இப்போது பங்குனி. அக்கா ஒரு சிவப்பு ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி டம்ளரில் போட்டார்.

மணி மூன்றரை. லீலா லாபியில் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்து சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, கூர்மையான மூக்கு. அந்த மூக்குதான் இந்தக் கேஸைத் திறந்தது.

"ரசத்தைப் பத்தி நான் பேச விரும்பல" என்றார்.

"ரசம் வேண்டாம் மேடம். முதல் தட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"அதுவா. ஒரு கிளிஞ்சல், அதுக்குள்ள ஒரு உருண்டை, சுண்டைக்காய் அளவு. அதைச் சுத்தி ஐஸ் மாதிரி ஏதோ வெச்சு, சர்வர் ஒரு கூஜாவிலேர்ந்து தண்ணி ஊத்தினார். புகை கிளம்பிச்சு. நிஜமான கடல் தண்ணியாம். கண்ணை மூடுங்க, கடல் உங்ககிட்ட வரும்னார். மூடினேன்."

"வந்ததா?"

"கடல் வரல. பழனி வந்துச்சு."

எனக்கு டீயில்லாமலே புரையேறியது.

"நிஜமாத்தான் சொல்றேன். துளசியும் பச்சைக் கற்பூரமும். கன்னத்துல போட்டுக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போனது. "குகா, மீன் வண்டி எங்க நிக்குதுன்னு பாரு. வெரசா."

மீன் வண்டி பின்வாசலில் நின்றது. டிரைவர் ஆண்டிச்சாமி, பழனிக்காரர். வாரம் ஒரு தடவை ராமேஸ்வரம் போய் மீனும், புகை வித்தைக்கு இரண்டு கேன் கடல் தண்ணீரும் ஏற்றி, ராத்திரி வீட்டில் தங்கி, வெள்ளனே மலையேறுவார். வண்டியின் முன்கண்ணாடி, ஸ்டியரிங், கதவு, ஸ்டெப்னி என்று ஒன்று விடாமல் திருநீறு பட்டை அடித்திருந்தது.

"நேத்துக் கிருத்திகைங்க" என்று விளக்கினார். "அடிவாரத்துல சூடம் காட்டிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

"இந்தத் தடவை எத்தனை கேன் கொண்டாந்தீங்க?"

"மூணு. ரெண்டு கடத்தண்ணி. ஒண்ணு..." ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தினார். "கொடுமுடித் தீர்த்தம். செஃப்போட மச்சான் காவேரில புடிச்சு, துளசி கற்பூரம் எல்லாம் போட்டு எங்கிட்டக் குடுத்தாரு. யாருகிட்டயும் சொல்லாதீகன்னாரு. நீங்க கேக்குறதால சொல்றேன்."

கேன்கள் வரிசையாகக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. மூன்றும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. இரண்டில் பளிச்சென்று மூன்று கோடு திருநீறும் நடுவில் குங்குமமும் இருந்தன. ஒன்று வெறுமனே இருந்தது. அக்கா கண்ணைக் காட்டினார். இன்றைக்கு என் நாக்குக்குத்தான் வேலை என்று எழுதியிருக்கிறது. பட்டை போட்டிருந்த கேனில் விரலை விட்டு நக்கினேன். கடல். பட்டையில்லாத கேன் பாதி காலி. மூடியைத் திறந்ததும் சன்னதிக்குள் நிற்பது போலிருந்தது.

"என்னங்க இது" என்றேன். "சாமி தண்ணிய மொட்டையா விட்டுட்டு உப்புத் தண்ணிக்குப் பட்டை போட்டிருக்கீங்க?"

ஆண்டிச்சாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தீர்த்தத்துக்கு எதுக்குத் தம்பி திருநீறு? அதுவே சாமி. மீனோட ஒண்ணா வந்த கடத்தண்ணி இருக்கே, அது தீர்த்தத்தை ஒட்டிக்கிட்டு வருது. தீட்டாயிரக் கூடாதுல்ல. அதான் அதுக்கு மட்டும் பூசுனேன். மீன் பெட்டிக்கும் பூசிருக்கேன், பாக்குறீகளா?"

நான் நாற்பது வருஷமாகப் பழனியில் இருக்கிறேன். இதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

மணி நாலேகாலுக்கு அக்கா எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். லீலாவும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டீக்கப்பும் சாஸருமாக வாசலில் வந்து நின்றார். ஆண்டிச்சாமி கேன்களுக்குப் பக்கத்தில் நின்றார். சேனாதிபதி கையில் டைப் அடித்த தாள் இருந்தது. முருகேஸ்வரி தலையைக் குனிந்தபடி ஓரமாக நின்றார்.

பக்கத்து அடுப்பில் சாயங்கால விருந்தினர்களுக்கு நண்டு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கிண்ணத்தில் அதை ஊற்றி, ஒரு சிவப்பு டேப் ஸ்பூனைப் போட்டு, கந்தவேல் முன்னால் நீட்டினார்.

"செஃப், இதுக்கு இன்னும் உப்புப் போடலையாம். டேஸ்ட் பண்ணிட்டு எவ்வளவு போடணும்னு சொல்லுங்க."

"இப்ப எதுக்கு மேடம்?"

"மதியம் ரசத்தை டேஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்கல்ல. உங்க நாக்கு எப்படின்னு நாங்க தெரிஞ்சுக்கணும். ஒரே ஒரு ஸ்பூன்."

கந்தவேல் கிண்ணத்தை வாங்கினார். ஸ்பூனை எடுத்தார். நண்டு சூப்பின் ஆவி அவர் முகத்தில் அடித்தது. சேனாதிபதியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். குடித்துவிட்டால் வேலை பிழைக்கும், முருகேஸ்வரி போலீசுக்குப் போவார். குடிக்காவிட்டால் இவர் வீட்டுக்குப் போவார். ஸ்பூன் மெல்ல உதட்டுக்குப் போனது. சூப் கோட்டில் சிந்தியது. அக்கா தடுக்கவில்லை. அவர் போட்ட கணக்கில் இந்த மனிதர் இதற்குள் உடைந்திருக்க வேண்டும். உடையாமல் வாயைத் திறந்துவிட்டார்.

முருகேஸ்வரி ஓடிவந்து கிண்ணத்தையும் ஸ்பூனையும் ஒன்றாகப் பிடுங்கினார். சூடான சூப் அவர் கையெல்லாம் கொட்டியது.

"வேணாம் செஃப்" என்றார். "முப்பத்தேழு நாள் விரதம். எனக்காகக் கெடுத்துக்காதீக. நான் போலீசுக்குப் போறேன்."

சாப்பாட்டு அறையில் ஸ்பீக்கர் அலை அடித்துக்கொண்டிருந்தது.

முருகேஸ்வரிக்காகவா குடிக்கப் போனான் அந்த ஆள். தனக்காகக் குடிக்கப் போனான். அது தெரியாத ஆளும் இல்லை முருகேஸ்வரி. தெரிந்தேதான் பிடுங்கினார். கந்தவேலுக்கும் அது புரிந்தது. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே துளசி மாலையும் முருகன் டாலரும் இருந்தன.

"மாலை போடக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார்" என்றார். "மீன் ஹோட்டல் செஃப் விரதம் இருந்தா யார் டேஸ்ட் பண்றதுன்னு கேட்டார். மகளுக்குக் காய்ச்சல்ல உசுரு பொழச்சது, நேந்துக்கிட்டேன். பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி, கொடுமுடித் தீர்த்தத்தைப் பழனிக்குச் சுமந்துட்டுப் போகணும். சொல்லாமப் போட்டுட்டேன். மீன் புழங்குற இந்தக் கிச்சன்ல எந்த ஸ்பூனையும் வாயில வைக்கல, சைவத்துக்கும்."

"அப்ப முப்பத்தேழு நாளா இங்க யாரு டேஸ்ட் பண்ணது?" என்றார் சேனாதிபதி.

அந்த அறையில் அதற்குப் பதில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். பச்சை டேப்புகளை அக்கா அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"எல்லாத் தட்டும் இவங்க நாக்குதான் சார்" என்றார் கந்தவேல். "வெளியில சொல்லக் கூடாதுன்னு முருகன் மேல சத்தியம் வாங்கியிருந்தேன். அப்படியிருந்தும் பேரு போட மாட்டேன்னேன். இன்னிக்குப் பெரிய விருந்தாச்சேன்னு, சைவ ரசம்தானேன்னு, ரெண்டு சொம்பு தீர்த்தம் ஊத்தினேன். நல்லபடியா முடியணும்னு. சண்டைன்றதால மறுபடி டேஸ்ட் பண்ணுங்கன்னு இவங்ககிட்டக் கேக்கல."

"பட்டை போட்ட கேன்லேர்ந்து ஊத்தினீங்க" என்றார் அக்கா.

"ஆமா. அவசரத்துல எத்தனை கேன்ல பட்டைன்னு எண்ணல. தீர்த்தம்னா பட்டை..." அவர் திரும்பி ஆண்டிச்சாமியைப் பார்த்தார். ஆண்டிச்சாமி தன் பங்குக்குத் தலையைச் சொறிந்தார். கந்தவேல் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. கடைசியில் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப என் தீர்த்தம்?"

"பட்டையில்லாததைக் கடல் தண்ணின்னு நினைச்சு, பாதியைக் கிளிஞ்சலுக்குச் சாம்பிராணி போட்டுட்டாங்க செஃப்" என்றேன். "மேடத்துக்குத் தரிசனம் கிடைச்சிருச்சு."

"நல்ல தரிசனம்" என்றார் லீலா.

சேனாதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். லீலா அவர் கையிலிருந்த தாளை வாங்கி ஒரு தரம் படித்து, நான்காக மடித்து, டீக்கப்பின் அடியில் வைத்தார்.

"எனக்கு ஏழாவது தட்டு இன்னும் வரல" என்றார். "வண்டி அஞ்சரைக்குக் கிளம்பினாப் போதும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முருகேஸ்வரி சிவந்த கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு புது ரசத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்தார். கந்தவேல் அவருக்குப் பூண்டு தட்டிக் கொடுத்தார். கொத்தமல்லியையும் அவரே போய் எடுத்து வந்தார். ஆண்டிச்சாமி நாளைக்கே வெள்ளனே கொடுமுடிக்குப் போவதாகவும், இந்தத் தடவை எதற்குமே திருநீறு பூசப்போவதில்லை என்றும் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். சேனாதிபதி யாரும் கேட்காமலே இரண்டு தடவை உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தார்.

ரசம் கொதி வந்தது. கந்தவேல் மெனு கார்டை எடுத்து, ஏழாவது தட்டுக்கு நேரே இருந்த 'செஃப் கேன்டி' என்பதைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் முருகேஸ்வரி, பேத்துப்பாறை என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கார்டைத் தட்டில் வைத்து, தட்டைத் தானே கையில் ஏந்திக்கொண்டு காத்து நின்றார்.

முருகேஸ்வரி கார்டைப் பார்த்தார். பச்சை ஸ்பூனை எடுத்து ருசி பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அவசரப்படவில்லை. டப்பாவிலிருந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை உப்பை, நிறுக்காமல், எடுத்துப் போட்டார். கலக்கினார். வேறொரு ஸ்பூனில் மறுபடி பார்த்தார்.

"இப்பக் கொண்டு போங்க செஃப்" என்றார்.